விற்றவர் இறங்காத கார்

அமெரிக்காவில் நுகர்வோருக்காகப் பொருட்களைப் பரிசோதித்து அறிக்கையிடுகின்ற 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' சஞ்சிகை 2018 மே மாதத்தில் டெஸ்லா கம்பனியின் மொடல் 3 காரைச் சிபாரிசு செய்ய மறுத்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது பிரேக்கை முழுமையாக அழுத்தினால் அந்தக் கார் நிற்பதற்கு 152 அடி தூரம் தேவைப்பட்டது. பாரமான பிக்அப் வாகனமொன்றுக்குத் தேவைப்படும் தூரத்தையும் விட அது அதிகம். வழமையாக இத்தகைய குறைபாடொன்று வெளிச்சத்துக்கு வந்தால் வாகனங்களைத் திருப்பியழைத்து, உதிரிப்பாகங்களை மாற்றி, மாதக்கணக்கில் இழுபட்ட பின்னரே விவகாரம் ஒரு முடிவுக்கு வரும். ஆனால், டெஸ்லா சில நாட்களுக்குள் புதிய மென்பொருளை எழுதி, வீட்டு வாசல்களில் நின்றுகொண்டிருந்த கார்களுக்குக் கம்பியில்லா இணைப்பின் ஊடாக அனுப்பிவைத்தது. சஞ்சிகை அதே காரை மீண்டும் சோதித்தபோது 133 அடியில் அது நின்றது. எவரும் ஒரு ஆணியைக்கூடக் கழற்றவில்லை. சஞ்சிகை தனது முடிவை மாற்றிக்கொண்டது. பத்தொன்பது வருடங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான கார்களைச் சோதித்திருந்த அதன் பரிசோதனைப் பிரிவுத் தலைவர், இவ்வாறு தொலைவிலிருந்தே ஒரு கார் திருத்தப்பட்டதை முன்னொருபோதும் கண்டதில்லை என்று வியந்தார்.

மின்சாரக் கார்களைப் பற்றி எமது பத்திரிகைகளில் வெளிவருகின்ற கட்டுரைகள் பெரும்பாலும் எரிபொருள் விலையிலும் சூழல் மாசடைதலிலும் தொடங்கி, ஒருதடவை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற கேள்வியுடன் முடிவடைவதுண்டு. அவை முக்கியமற்ற விடயங்கள் என்று கூறமாட்டேன். ஆனால், கடந்த பதினைந்து வருட காலத்தில் இந்தக் கார்கள் மக்களின் மனதைக் கவர்ந்ததற்கான காரணத்தை அவற்றில் மாத்திரம் தேடினால் அகப்படாது. இயந்திரத்தையும் அதை இயக்குகின்ற மென்பொருளையும் ஒரே கம்பனி, ஒன்றுக்காக மற்றதை வடிவமைத்து, ஒரே கூரையின் கீழ் தயாரித்ததே அந்தக் கவர்ச்சியின் மூலகாரணம் என்பது எனது அபிப்பிராயம். அந்தக் கவர்ச்சிக்காக வாங்குபவர் செலுத்துகின்ற, விலைச்சீட்டில் எழுதப்படாத இன்னொரு விலையும் இருக்கிறது. அதைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதில்லை. வாங்குபவர்களும் கேட்பதில்லை.

மின்சாரத்தில் ஓடுவதே பெரிய கவர்ச்சி என்றால், இந்தக் கார்கள் நூறு வருடங்களுக்கு முன்னரே வெற்றிபெற்றிருக்கவேண்டும். பெற்றோல் காரை உலகமெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா தனது பாவனைக்கு வைத்திருந்தது 'டெட்ரொய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார்தான். பின்னர் 1996இல் ஜெனரல் மோட்டர்ஸ் 'ஈ.வி. 1' என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்து, அதை விற்காமல் குத்தகைக்கு மாத்திரம் கொடுத்தது. ஓட்டியவர்கள் அதன்மீது பெரும் பற்று வைத்திருந்தார்கள். குத்தகைக்காலம் முடிந்ததும் விலைகொடுத்து வாங்க முன்வந்தவர்களையும் பொருட்படுத்தாமல் கம்பனி கார்களை மீளப்பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கி இரும்பாக்கியது. காரின் உண்மையான உரிமையாளர் யார் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு அதற்கு வருவோம்.

டெஸ்லா கம்பனியை 2003ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆரம்பித்தவர்கள் மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் டார்ப்பெனிங் என்ற இரு பொறியியலாளர்கள். இலோன் மஸ்க் 2004இல் முதலீட்டாளராக வந்து சேர்ந்தார். அவர்களில் எவரும் மோட்டார் கைத்தொழிலில் வளர்ந்தவர்களல்லர். 2012இல் அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த மொடல் எஸ் காரின் நடுவே பொத்தான்களுக்குப் பதிலாக 17 அங்குலத் தொடுதிரையொன்று இருந்தது. திரையைப் பார்த்துப் பலர் மயங்கினார்கள். ஏனைய கம்பனிகளும் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கார்களில் பெரிய திரைகளைப் பொருத்தின. ஆனால், விசேடம் திரையில் இருக்கவில்லை. திரைக்குப் பின்னால் பிரேக், மோட்டார், பற்றரி, கதவு, விளக்கு எல்லாம் ஒரு சில கணினிகளின் கட்டுப்பாட்டில், ஒரே கம்பனி எழுதிய மென்பொருளின் கீழ் இருந்தன. வேறு யாரிடமும் அனுமதி கேட்காமல் பிரேக் செயற்படும் விதத்தை ஓரிரு நாட்களில் மாற்றியமைக்க முடிந்ததற்கு இதுவே காரணம்.

பழைய கம்பனிகளால் ஏன் அது முடியவில்லை என்பதை ஃபோர்ட் கம்பனியின் பிரதம நிறைவேற்று அதிகாரி ஜிம் பார்லி 2023இல் நேர்காணலொன்றில் வெளிப்படையாகவே கூறினார். ஒரு காரில் சுமார் 150 கட்டுப்பாட்டுக் கூறுகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் விலை மலிவாகப் பெறுவதற்காக வெவ்வேறு வழங்குநர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வழங்குநரும் தனது கூறுக்குரிய மென்பொருளைத் தானே எழுதுகிறார். ஒன்றோடொன்று அவை பேசிக்கொள்வதில்லை. காரின் முகப்பில் தனது கம்பனியின் பெயர் இருந்தாலும், ஆசனத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்வதற்கு ஜேர்மனியின் பொஷ் கம்பனியிடம்தான் போகவேண்டியிருக்கிறது என்றார் அவர். நூறு வருடங்களுக்கும் மேலாகக் கார் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தலைவர் இவ்வளவு நேர்மையாகப் பேசியதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. நூற்றைம்பது சமையற்காரர்கள் தத்தமது வீட்டில் சமைத்து அனுப்பியதை வாழையிலையில் பரிமாறுவதோடு தமது பணி முடிந்துவிட்டதாகவே கார் கம்பனிகள் நீண்டகாலம் நினைத்திருந்தன.

பெற்றோல் காரில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. அங்கு எஞ்சின்தான் ராஜா. அதன் ஓசை, இழுவை, கியர் மாறும் நேர்த்தி எல்லாம் இரும்பிலும் உருக்கிலும் தீர்மானமாகின. மின்சாரக் காரில் நிலைமை வேறு. மோட்டார் எளிமையானது. நகரும் பாகங்கள் மிகக் குறைவு. ஆனால், ஒவ்வொரு கணத்திலும் அதற்கு எவ்வளவு மின்சாரம் போகவேண்டும், காலை எடுத்தவுடன் எவ்வளவு சக்தியை மீளப்பெறவேண்டும் என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது. ஆரம்பகால மொடல் எஸ் காரின் பற்றரியில் மாத்திரம் ஏழாயிரத்துக்கும் அதிகமான சிறிய மின்கலங்கள் இருந்தன. அவற்றின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் ஓயாமல் கண்காணித்துச் சமப்படுத்தாவிட்டால் பற்றரி விரைவில் கெட்டுவிடும்.

மின்னேற்றும் விடயத்தில் இந்த ஒருங்கிணைப்பின் பயன் மேலும் தெளிவாகத் தெரிகிறது. டெஸ்லா தனது சொந்த மின்னேற்று நிலையங்களை 2012 முதல் அமைத்துவந்தது. நெடும்பயணம் போகவேண்டிய இடத்தைத் திரையில் குறிப்பிட்டால், எந்த நிலையத்தில் நிற்கவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று கார் சொல்கிறது. நிலையத்தை நெருங்கும்போது பற்றரியைத் தானாகவே இளஞ்சூட்டுக்குக் கொண்டுவருகிறது. குளிர்ந்த பற்றரி வேகமாக மின்சாரத்தை உள்வாங்காது என்பதே காரணம். இதற்கு வரைபடமும் பற்றரியும் மின்னேற்று நிலையமும் ஒன்றையொன்று அறிந்திருக்கவேண்டும். மற்றவர்களின் காரில் வரைபடம் ஒருவருடையது, பற்றரி இன்னொருவருடையது, நிலையம் மூன்றாமவருடையது. காசு அட்டை நான்காமவருடையது! 2023இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டர்ஸும் டெஸ்லாவின் மின்னேற்று இணைப்பியையே தங்கள் கார்களிலும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்ததன் பின்னணி இதுதான்.

நோர்வேயில் 2024ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதமானவை முழு மின்சாரக் கார்கள். வரிச்சலுகைகளே அதற்குப் பிரதான காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒஸ்லோவில் வசிக்கும் எனது மைத்துனர் தொலைபேசியில் வரியைப் பற்றிப் பேசுவதில்லை. "அத்தான், இரவு படுக்கேக்க ஒரு கார், காலமை எழும்பிப் பார்த்தா வேற கார்" என்பதே அவரது பெருமை. வாங்கிய நாளிலிருந்து பழசாகிக்கொண்டே போவதுதான் கார் என்று பழகிப்போன எமது தலைமுறைக்கு, வாங்கிய பின்னரும் மெருகேறுகின்ற கார் ஒரு புதுமைதான். அந்த மகிழ்ச்சியை விளம்பர மயக்கம் என்று ஒதுக்கிவிடுபவர்களுடன் என்னால் உடன்பட முடியவில்லை.

2021ஆம் ஆண்டில் உலகமெங்கும் கணினிச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது பெரிய கம்பனிகள் பல தொழிற்சாலைகளை இடைநிறுத்தின. டெஸ்லா கைக்குக் கிடைத்த மாற்றுச் சில்லுகளைப் பொருத்தி, அவற்றுக்கேற்ப மென்பொருளைத் திருத்தி எழுதிக்கொண்டது. அந்த வருடத்தில் அதன் விநியோகம் 9 இலட்சத்து 36 ஆயிரம் கார்களாக, முன்னைய வருடத்தை விட 87 சதவீதம் அதிகரித்தது.

இதைக் காலந்தாழ்த்திக் கற்றுக்கொள்ள முயன்றவர்களின் கதைகளில் வொல்ஸ்வாகன் கம்பனியின் கதைக்கு நிகரானது வேறில்லை. அதன் தலைவராக இருந்த ஹேர்பேர்ட் டீஸ் ஆபத்தைத் தெளிவாகவே புரிந்துகொண்டிருந்தார். தமது கார்களின் மென்பொருளில் பத்து சதவீதத்துக்கும் குறைவானதையே தாங்கள் எழுதுவதாகவும் 2025ஆம் ஆண்டளவில் அதை 60 சதவீதமாக உயர்த்தப்போவதாகவும் 2019இல் கம்பனி அறிவித்தது. ஆயிரக்கணக்கான பொறியியலாளர்களைத் திரட்டி, பின்னர் 'கரியாட்' என்று பெயர்சூட்டப்பட்ட தனி மென்பொருள் நிறுவனமும் அமைக்கப்பட்டது. பணத்துக்கும் ஆளுக்கும் குறையிருக்கவில்லை. 2019 நவம்பரில் ஐ.டி. 3 காரின் உற்பத்தி ஆரம்பமானது. தொழிற்சாலையிலிருந்து கார்கள் ஒழுங்காக வெளிவந்தன. மென்பொருள்தான் முடிவடையவில்லை. 2020 செப்டெம்பரில் முதல் வாடிக்கையாளர்களிடம் கார்கள் ஒப்படைக்கப்பட்டபோது வாக்களித்த சில வசதிகள் அவற்றில் இருக்கவில்லை. தொலைவிலிருந்தே புதுப்பிக்கலாம் என்று பெருமைப்பட்ட காரைப் புதுப்பிப்பதற்கு, ஆரம்பத்தில் வாங்கியவர்கள் அதைப் பணிமனைக்கு ஓட்டிச்செல்ல வேண்டியிருந்தது.

மென்பொருள் தாமதத்தினால் குழுமத்தின் போர்ஷே, அவுடி மின்சாரக் கார்களும் பிந்தின. 2022 ஜூலையில் டீஸின் பதவி விலகல் அறிவிக்கப்பட்டது. 2023இல் சீனாவின் எக்ஸ்பெங் கம்பனியில் சுமார் 70 கோடி டொலர்களை முதலிட்ட வொல்ஸ்வாகன், 2024இல் அமெரிக்காவின் ரிவியன் கம்பனியுடன் கூட்டு நிறுவனம் அமைத்தது. ரிவியனுக்கென ஒதுக்கப்பட்ட தொகை அதே வருட நவம்பரில் 580 கோடி டொலர்களாக உயர்ந்தது. இரண்டுமே வொல்ஸ்வாகனுடன் ஒப்பிடுகையில் சிறு கம்பனிகள். இருந்தும் அவற்றின் மென்பொருளறிவை விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை அந்த மாபெரும் நிறுவனத்துக்கு வந்தது. தோல்விக்குக் காரணம் அறிவீனமல்ல என்பதே எனது கணிப்பு. கதவை ஒரு பிரிவும், பிரேக்கை இன்னொரு பிரிவும், விலை பேசுவதை மூன்றாவது பிரிவும் கவனிப்பதற்காக எட்டுத் தசாப்தங்களாகக் கட்டியெழுப்பப்பட்ட நிர்வாகத்தின் மேல் ஒரு மென்பொருள் நிறுவனத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். பத்திரிகை அலுவலகங்களில் கணினி வந்த காலத்தில் ஆசிரியபீடத்துக்கும் அச்சுப்பிரிவுக்கும் இடையே நடந்த இழுபறிகளைக் கண்டவன் என்ற முறையில், வொல்ஃப்ஸ்பேர்க்கில் என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவுக்கு ஊகிக்க முடிகிறது.

கையடக்கத் தொலைபேசியுடன் காரை ஒப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நொக்கியாவை ஐபோன் வீழ்த்தியதுபோல என்பார்கள். அந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் கொண்டுபோக முடியாது. வன்பொருளையும் மென்பொருளையும் இணைப்பதில் உலகுக்கே வழிகாட்டிய அப்பிள் கம்பனி சுமார் பத்து வருடங்கள் முயன்றும் ஒரு காரைத் தயாரிக்க முடியாமல் 2024 பெப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த மாதமே சீனாவின் தொலைபேசிக் கம்பனியான ஷியோமி தனது எஸ்.யூ. 7 காரை விற்பனைக்கு விட்டது. ஃபோர்ட் அதிபர் பார்லி அந்தக் காரொன்றைத் தருவித்து ஆறு மாதங்கள் ஓட்டிவிட்டு, அதைத் திருப்பிக்கொடுக்க மனமில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். தொலைபேசியைத் தெரிந்தால் மாத்திரம் போதாது. அதை அடித்தளத்திலிருந்து தயாரிக்கின்ற தொழிற்சாலைகளும் வழங்குநர்களும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

பி.வை.டி. இன்னொரு வழியால் வந்தது. 1995இல் ஷென்சென் நகரில் வாங் சுவான்பு ஆரம்பித்த அந்தக் கம்பனி முதலில் தயாரித்தது தொலைபேசி பற்றரிகளையே. பின்னர் கார், மோட்டார், மின்சக்திச் சில்லு என்று ஒவ்வொன்றாகத் தன்வசப்படுத்தியது. 2022 மார்ச்சில் பெற்றோலில் மாத்திரம் ஓடும் கார்களின் உற்பத்தியை நிறுத்தியது. 2025இல் முழு மின்சாரக் கார்களின் விற்பனையில் டெஸ்லாவை முந்தியது. மேசையில் இருக்கும் கணினியிலிருந்து புறப்பட்டவர்களும் பற்றரித் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டவர்களும் கடைசியில் வந்து சேர்ந்திருக்கும் இடம் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் திரைக்குள் அடக்குவது ஒருங்கிணைப்பு என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். மழைத் துடைப்பானை இயக்குவதற்கு மூன்று பக்கங்களைப் புரட்டவேண்டிய கார்களில் நான் பயணம் செய்திருக்கிறேன். ஐரோப்பாவின் வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான 'யூரோ என்கெப்' 2026 முதல், ஹோர்ன், துடைப்பான் போன்ற அத்தியாவசிய இயக்கிகள் கைக்கு அகப்படும் பொத்தான்களாக இல்லாவிட்டால் முழுப் புள்ளிகளை வழங்குவதில்லை என்று தீர்மானித்ததை வரவேற்கிறேன்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். 2017 செப்டெம்பரில் 'இர்மா' சூறாவளி புளோரிடாவை நெருங்கியபோது மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். டெஸ்லாவின் சில கார்களில் 75 கிலோவாட் மணி பற்றரி பொருத்தப்பட்டு, மென்பொருளினால் அதன் ஒரு பகுதி பூட்டப்பட்டு, குறைந்த விலைக்கு விற்கப்பட்டிருந்தது. மேலதிகமாகச் சில ஆயிரம் டொலர்கள் கொடுத்தால் பூட்டைத் திறந்துவிடுவார்கள். சூறாவளிப் பிரதேசத்தில் இருந்த அத்தகைய கார்களின் பூட்டைக் கம்பனி தொலைவிலிருந்தே தற்காலிகமாகத் திறந்துவிட்டது. உயிர் தப்பிச் செல்பவர்களுக்கு மேலும் முப்பது, நாற்பது மைல்கள் கிடைத்தன. கம்பனியின் மனிதாபிமானம் பாராட்டப்பட்டது. அது நியாயமே. ஆனால், எனக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது எழுந்த கேள்வி வேறு. அந்தப் பற்றரி முழுவதும் காரின் உரிமையாளர்கள் இரவுபகலாகச் சுமந்து திரிந்தது. அதன் பாரத்துக்கும் சேர்த்தே அவர்கள் மின்கட்டணம் செலுத்தினார்கள். அதைத் திறக்கும் சாவி மாத்திரம் கலிபோர்னியாவில் இருந்தது. திறக்கக்கூடிய கைக்குப் பூட்டவும் முடியும்.

பூட்டி வைத்துப் பணம் பார்க்கும் உபாயத்தை மற்றவர்களும் விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். 2022இல் பி.எம்.டபிள்யூ. தென்கொரியா உட்பட சில நாடுகளில் ஆசனத்தைச் சூடாக்குவதற்கு மாதச்சந்தா கேட்டது. சூடாக்கும் கம்பி ஏற்கெனவே ஆசனத்துக்குள் இருந்தது! கண்டனம் வலுத்து 2023இல் அதைக் கைவிட்டார்கள். மேர்சிடஸ் தனது சில மின்சாரக் கார்களின் முடுக்கத்தை அதிகரித்துக்கொள்ள வருடத்துக்கு 1,200 டொலர்கள் என்று அமெரிக்காவில் அறிவித்தது. டெஸ்லாவோ 2016 ஒக்டோபரிலிருந்தே தானாக ஓடும் ஆற்றலுக்குத் தேவையான வன்பொருள் தனது எல்லாக் கார்களிலும் இருக்கிறது என்று சொல்லி, வரவிருக்கும் மென்பொருளுக்கு முன்கூட்டியே பணம் பெற்றது. அதற்குப் பின்னர் பொருத்தப்பட்ட கணினியும் போதாது, அதையும் மாற்றவேண்டியிருக்கும் என்பதை 2025 ஜனவரியில் மஸ்க் ஒப்புக்கொண்டார்.

கம்பனியே இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதை ஃபிஸ்கர் கம்பனியின் வீழ்ச்சி காட்டியது. 2024 ஜூனில் அது வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதன் 'ஓஷன்' கார்களை வாங்கியவர்கள் மென்பொருளைப் புதுப்பிக்க எவருமின்றி நின்றார்கள். அவர்களே சங்கமொன்றை அமைத்து, தங்கள் கார்களைத் தாங்களே பராமரிக்க வழிதேட வேண்டியிருந்தது. கம்பனியின் கைவசம் எஞ்சியிருந்த சுமார் மூவாயிரம் கார்களை நியூயோர்க்கில் வாடகைக் கார் சாரதிகளுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய நிறுவனத்துக்கு இன்னொரு சிக்கல். அந்தக் கார்கள் தொடர்பான தரவுகளைக் கம்பனியின் கணினி வழங்கியிலிருந்து வேறொன்றுக்கு மாற்றமுடியாது என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. சில்லும் ஆசனமும் ஸ்டியரிங்கும் கைக்கு வந்தன. காரின் மூளையில் பாதி எங்கோ ஒரு கட்டிடத்தில் அணைக்கப்படவிருந்தது.

போர்க்காலத்தில் இதன் அர்த்தம் இன்னும் கடுமையானது. 2022இல் உக்ரேனின் மெலிற்றோபோல் நகரிலிருந்து ரஷ்யப் படையினர் கொள்ளையிட்டு செச்னியாவுக்குக் கொண்டுசென்ற, சுமார் 50 இலட்சம் டொலர் பெறுமதியான ஜோன் டியர் விவசாய இயந்திரங்கள் தொலைவிலிருந்தே முடக்கப்பட்டன. கொள்ளையர்களுக்கு நல்ல பாடம் என்று உலகம் மகிழ்ந்தது. 2025இல் ஒஸ்லோவின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான 'ரூட்டர்', சீனாவின் யூதொங் மின்சார பஸ் ஒன்றைச் சோதித்தபோது, அதன் பற்றரி மற்றும் மின்வழங்கல் கட்டுப்பாட்டுக்குள் உற்பத்தியாளர் தொலைவிலிருந்து நுழையக்கூடிய வழி இருப்பதைக் கண்டறிந்தது. கோட்பாட்டளவில் பஸ்ஸை நிறுத்திவிடவும் முடியும் என்றது. அவ்வாறு எவரும் செய்ததாகக் குற்றச்சாட்டில்லை. இயந்திரங்கள் ஒன்றுதான். அதை முடக்குபவர் யார், முடக்கப்படுபவர் யார் என்பதைப் பொறுத்தே நாம் மகிழ்கிறோம் அல்லது பதறுகிறோம்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தின் நினைவு வருவதைத் தவிர்க்கமுடியவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஒஸ்டின் ஏ 40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நோயாளர்களும் பிரசவத்துக்குச் செல்லும் தாய்மாரும் அந்தக் கார்களிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மாற்றத்துக்கு இங்கிலாந்திலிருந்த உற்பத்தியாளரின் சம்மதம் தேவைப்படவில்லை. கராஜ்காரரின் கைச்சாதுரியம் போதுமாக இருந்தது. அந்தப் புகைவண்டிகளுக்காக நான் ஏங்கவில்லை. அவற்றின் நாற்றத்தை அனுபவித்தவர்கள் எவரும் ஏங்கமாட்டார்கள். ஆனால், முற்றுகைக்குள் வாழ்ந்தவர்களுக்கு, ஒரு வாகனத்தின் சாவி எங்கே இருக்கிறது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்கமுடியாது.

இலங்கை நீண்டகாலமாக ஜப்பானில் பாவித்த கார்களை இறக்குமதி செய்து பழகிய நாடு. அந்தக் கார்களின் வானொலித் திரையில் ஜப்பானிய எழுத்துகள் தெரியும். வீதிக்கட்டண அட்டையைச் செருகவில்லை என்று ஜப்பானியப் பெண்குரலொன்று ஒவ்வொரு காலையிலும் முறையிடும். வெள்ளவத்தை நெரிசலில் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கார் ஓடிக்கொண்டேயிருக்கும். முழுவதும் மென்பொருளில் தங்கியிருக்கும் காரொன்று வேறு நாட்டுச் சந்தைக்கென எழுதப்பட்ட நிரலுடன் இங்கு வந்து சேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகமுடியாது. புதுப்பித்தல் வராது. செயலி இணையாது. பிழையைக் கண்டறியும் கருவி திருத்துநரின் கையில் இருக்காது.

எமது சட்டங்களும் இரும்பு யுகத்திலேயே நிற்கின்றன. ஐந்து வருடங்களாகத் தனியார் வாகன இறக்குமதிக்கு இருந்த தடை 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்ட பின்னர், மின்சாரக் கார்களுக்கான வரி மோட்டாரின் கிலோவாட் திறனை அடிப்படையாகக்கொண்டு அறவிடப்பட்டது. அதே வருடத்தில், 100 கிலோவாட் என்று அறிவிக்கப்பட்டு வந்திறங்கிய பி.வை.டி. கார்கள் உண்மையில் 150 கிலோவாட் மோட்டாரைக் கொண்டவையா என்ற ஐயத்தில் சுங்கத் திணைக்களம் அவற்றைத் தடுத்துவைத்தது. அறிவித்த திறனே உண்மையானது என்றார்கள் இறக்குமதியாளர்கள். விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக்கூறுவது எனது வேலையல்ல. ஆனால், பெற்றோல் எஞ்சினின் கொள்ளளவை அளப்பதுபோல மின்சார மோட்டாரின் திறனை அளந்துவிட முடியாது. ஒரே மோட்டாரை மென்பொருளினால் நூறாகவும் வைத்திருக்கலாம், நூற்றைம்பதாகவும் ஆக்கலாம் என்ற உலகில், எதற்கு வரி அறவிடுவது? இரும்புக்கா, நிரலுக்கா? நிரலை நாளை மாற்றினால் வரியும் மாறுமா? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விதி இல்லாவிட்டால் நீதிமன்றங்களே வாகனப் பொறியியலைத் தீர்மானிக்கும் நிலை தொடரும்.

வேறிடங்களில் சட்டம் மெல்ல அசையத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநில மக்கள் 2020இல் வாக்களித்து, கார் அனுப்பும் பழுதுபார்ப்புத் தரவுகள் உரிமையாளருக்கும் அவர் விரும்பும் திருத்துநருக்கும் கிடைக்கவேண்டும் என்று சட்டமாக்கினார்கள். கார் கம்பனிகள் வருடக்கணக்கில் வழக்காடின. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. இணையத்துடன் இணைந்த பொருட்கள் உருவாக்கும் தரவுகளைப் பாவனையாளர் பெறும் உரிமையை அது வலியுறுத்துகிறது. சிறிய சந்தையான இலங்கை தனியாக நின்று பெரிய கம்பனிகளுடன் மல்லுக்கட்ட முடியாது. ஆனால், இறக்குமதி அனுமதியை வழங்குவது அரசாங்கமே. இந்த நாட்டில் விற்கப்படும் காருக்கு எத்தனை வருடங்கள் புதுப்பித்தல் கிடைக்கும், பிழையறியும் கருவி முகவரிடம் மாத்திரம் இருக்குமா அல்லது வவுனியாவில் கராஜ் வைத்திருப்பவரும் விலைக்கு வாங்கலாமா, இணைப்பு இல்லாதபோதும் கார் முழுமையாக ஓடுமா என்பவற்றை எழுத்தில் தரும்படி கேட்பதற்குப் பெரிய நாடாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பாவித்த கார்களுக்கு இந்தக் கேள்விகள் இன்னும் அவசரமானவை.

இன்று ஒருவர் பாவித்த மின்சாரக் காரொன்றை வாங்கும்போது பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் இலக்கத்தையும் நிறத்தையும் சரிபார்க்கிறார். முன்னைய உரிமையாளரின் கணக்கு காரிலிருந்து நீக்கப்பட்டதா என்று பார்ப்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. நீக்கப்படாவிட்டால், காரை விற்றுவிட்டு வேறு நாட்டில் இருப்பவர் தனது தொலைபேசியிலிருந்து கார் நிற்குமிடத்தைப் பார்க்கலாம், சில கார்களில் கதவையும் திறக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் உரிமைமாற்றப் படிவத்தில் இதற்கு ஒரு வரி சேர்ப்பதற்கு அமைச்சரவைப் பத்திரமெல்லாம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.